முகாம் சுவரில் ஒரு வழி

கட்டடக்கலைக் கல்லூரியின் கடைசி ஆண்டில், போரில் இரண்டாகப் பிளந்த ஒரு நகரத்தை நான் ஒட்டவைத்தேன். அட்டையிலும் பசையிலும்தான். நான் பார்த்தே இராத நகரம் அது. நடுவில் ஆறு, ஆற்றின் மேல் உடைந்த பாலம், இந்தக் கரையில் ஒரு மொழி, அந்தக் கரையில் வேறொரு மொழி. பாலம் இருந்த இடத்தில் பெரிய வட்டமான திடல் ஒன்றை வைத்தேன். இரண்டு கரையிலிருந்தும் நேர்க்கோட்டில் அகலமான படிகள் இறங்கி வந்து அந்தத் திடலில் முடியும். நடுவில் நூலகம், பழச்சந்தை, பாட்டு மண்டபம். எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம். பார்த்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு நாள்தான் முறைத்துக்கொள்ள முடியும்? அதுதான் என் கோட்பாடு. நடுவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்த ஆண்டு முழுக்க எங்கள் வீட்டில் சோறு போடும்போதும் நான் பெய்ரூட்டைப் பற்றித்தான் பேசினேன். சைப்ரஸின் நிகோசியாவில் தெருவுக்குக் குறுக்கே எண்ணெய் பீப்பாய்களை அடுக்கி ஊரைப் பிரித்த கதையைச் சொன்னேன். போஸ்னியாவின் மொஸ்தாரில் உடைந்த பாலத்தைப் பழையபடியே திரும்பக் கட்டினார்கள் என்று சொல்லும்போது என் கையில் இருந்த ரசம் தட்டில் கொட்டியது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நைனா, பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஊர்ல நம்ம ஆளுங்க யாருனா கீறாங்களா?"

இல்லை என்றேன். அப்படியானால் ரசத்தைப் பார்த்து ஊற்று என்றார்.

என் வகுப்பில் கும்மிடிப்பூண்டியிலிருந்து என்னோடு ஒரே ரயிலில் சென்னைக்குப் போய்வந்த தோழி ஒருத்தி உண்டு. எங்கள் நகருக்குப் பின்னால் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவள். அவள் அம்மா யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண்மணி. கூரை போன வீட்டை விட்டுவிட்டுப் படகில் வந்தவர். போரும் நகரமும் என்று யாராவது ஆய்வு செய்ய வேண்டுமென்றால் அவள்தான் செய்திருக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பே நினைத்தது. அவளோ பழவேற்காட்டுக்கு ஒரு மீன் சந்தை வரைந்தாள். வலைக்காரர்கள் எந்தப் பக்கமாக வருவார்கள், வாங்க வரும் மரைக்காயர் வீட்டு ஆட்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள், கழுவின தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவளுக்கு அதே நினைப்பு. ஏன் என்று கேட்டதற்கு, "போர நீயே வெச்சிக்கோ. எனக்கு ஐஸ் பெட்டி எங்க வெக்கறதுன்னே தெரியல," என்றாள். வெளியே எங்களைப் போலப் பேசுவாள். வீட்டு வாசலில் கால் வைத்ததும் "ஓம் அம்மா, வந்திட்டன்" என்று மாறிவிடுவாள். எந்த நொடியில் மாறுகிறாள் என்று கண்டுபிடிக்க நான் பல தடவை அவள் பின்னாலேயே நடந்து பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

எங்கள் நகர், தொழிற்பேட்டைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவின் கோடியில் இருக்கிறது. பெரும்பாலும் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், பார்த்து முடித்தவர்கள். எங்களுக்கும் முகாமுக்கும் நடுவில் முன்பு வெறும் காலிமனையும் சீமைக்கருவேலமும்தான். அதற்குள் ஓர் ஒற்றையடிப் பாதை. விடியும் நேரத்தில் தோழியின் அம்மா அந்தப் பாதையில் ஒரு பெரிய சட்டியும் ஒரு வாளியுமாக வருவார். சட்டியில் புட்டும் இடியப்பமும். வாளியில் சொதி. சம்பல் தனியாக வாழையிலையில். எங்கள் தெருமுனையில் நிற்கும் முதல் ஷிப்ட் பஸ்ஸில் ஏறப் போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் நாஷ்டா. இரும்புத் தூசிக்கு நடுவே நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அந்தத் தேங்காய்ப்பால் சொதி வயிற்றில் ஒரு குளிர்ச்சி. சாப்பிடாமல் பஸ் ஏறியவர் யாரும் இல்லை. அந்த வியாபாரத்தில்தான் தோழி ரயில் பாஸ் எடுத்தாள், மாடல் செய்ய அட்டை வாங்கினாள், படித்தாள்.

அப்புறம் ஒரு பொங்கலுக்கு வாலிபால் போட்டி வைத்தார்கள். எங்கள் பையன்களும் முகாம் பையன்களும். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று ஒரு தகராறு. கோடு சுண்ணாம்பில் போட்டது, அதுவும் பாதி அழிந்துபோய் இருந்தது, பந்துக்கே தெரிந்திருக்காது. சட்டை கிழிந்தது. அதோடு முடிந்திருந்தால் அடுத்த பொங்கலுக்கு எல்லோரும் சிரித்திருப்போம். ஆனால் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் முகாம் பையன்களைப் பார்த்து, ஊர் இல்லாதவங்களுக்கு ஊர்க்காரன்கிட்ட இன்னா சவடால் என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், முகாம் பையன்கள் பந்தைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த மாதமே எங்கள் நகர் சங்கம் காலிமனையின் ஓரமாக ஹாலோ பிளாக் சுவர் ஒன்றை எழுப்பிவிட்டது. பாதுகாப்புக்காம். மேலே கண்ணாடிச் சில்லு. சங்கத்துக்குச் செயலாளர் என் நைனா. சுவரில் நகரின் பெயரை நீல எழுத்தில் எழுத வைத்ததும் அவர்தான்.

சுவர் வந்ததும் அந்த ஒற்றையடிப் பாதை செத்தது. முகாமிலிருந்து எங்கள் தெருமுனைக்கு வர வேண்டுமென்றால் தொழிற்பேட்டைச் சாலையைச் சுற்ற வேண்டும். இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போகும் சாலை. நடைபாதை கிடையாது. தோழியின் அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. சட்டியைத் தலையிலும் வாளியைக் கையிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் சுற்றிப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டார். முகாமுக்குள்ளேயே விற்றுப் பார்த்தார். அங்கே எல்லா வீட்டிலும் புட்டுக்குழல் இருக்கிறது.

இதெல்லாம் நடந்தபோது நான் அட்டை நகரத்தில் இருந்தேன். தெரியும், ஆனால் தெரியாது. படிப்பு முடிந்து, இருவரும் சென்னையில் தனித்தனி அலுவலகங்களில் சேர்ந்து, மறுபடி ஒரே ரயிலில் வந்துகொண்டிருந்த ஒருநாள், மீஞ்சூர் தாண்டியதும் தோழி சொன்னாள். அவள் அம்மா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை. தன் சம்பளம் போதும், நீ வீட்டில் இரு என்று இவள் சொன்னால், அவர் கேட்கும் ஆளில்லை. சும்மா இருப்பது அவருக்குத் தெரியாது. "அந்தக் கால வெச்சிக்கினு எவ்ளோ நாள் நிப்பாங்கன்னு தெரியல," என்றாள் தோழி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எனக்குச் சுரீர் என்றது. அடுத்த நொடியே, வெட்கமில்லாமல், குதூகலமும் வந்தது. பிரிந்த இரண்டு பக்கம்! நடுவில் ஒரு சுவர்! நிகோசியாவுக்கு எதற்குப் போக வேண்டும், என் வீட்டு மொட்டை மாடியில் ஏறினாலே தெரிகிறதே! சுவரில் ஒரு வழி விடுவோம், நான் வரைகிறேன், அடுத்த சங்கக் கூட்டத்தில் காட்டுகிறேன் என்று பொன்னேரி வருவதற்குள் நான் முழுத் திட்டத்தையும் சொல்லி முடித்துவிட்டேன். தோழி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மண்டபம் கட்டாத," என்று மட்டும் சொன்னாள்.

மண்டபம் கட்டவில்லை. ஆனால் என்னால் சும்மா ஓர் ஓட்டை போடவும் முடியாது. அந்த வாரம் அவளுக்கு ஒரு கட்டடத்தில் கான்கிரீட் போடுவதை மேற்பார்க்கும் வேலை, ரயிலுக்கே வரவில்லை. நான் தனியாக வரைந்தேன். சுவரின் நடுவில் அகலமான திறப்பு. முகாமின் நடுத்தெருவும் எங்கள் கடைசிக் குறுக்குத் தெருவும் அந்தத் திறப்பின் வழியாக ஒரே நேர்க்கோட்டில் சேரும். இங்கே நின்றால் அங்கே கடைசி வரை தெரியும். இரண்டு பக்கமும் சிமெண்டு இருக்கை, ஒரு புங்கமரம். கணினியில் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து நானே மயங்கினேன்.

சங்கக் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். டீவியில் படத்தைப் போட்டுக் காட்டினேன். முதல் ஷிப்ட் ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சொதியை நினைத்துத்தான் வந்திருந்தார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் நேர்க்கோட்டின் மகிமையைப் பேசினேன். இந்தப் பார்வை தடையில்லாமல் அப்படியே போய் முடியும் இடத்தைப் பாருங்கள் என்று அம்புக்குறியை நகர்த்தினேன். அம்புக்குறி எங்கள் நகரின் கடைசி வீட்டு வாசற்படியில் போய் நின்றது.

கூடத்தில் ஒரு பெருமூச்சு. என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை.

அந்தக் கடைசி வீட்டுக்காரர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் வயல் உள்ளவர். மகன் வேலைக்காக இங்கே வீடு கட்டிக் குடிவந்தவர். தண்ணித் தொட்டியைக்கூட வாஸ்து பார்த்து மூன்று தடவை இடம் மாற்றியவர். அவர் எழுந்து டீவிக்குப் பக்கத்தில் வந்து, விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா பாப்பா, ஆயிரம் பேர் நடக்கற வழிய நேரா எங்கூட்டு வாசப்படில கொண்டாந்து குத்தறியே. நான் உனுக்கு இன்னாமா பண்ணேன்?"

தெருக்குத்து! இந்த ஊரில் தள்ளுவண்டியில் கீரை விற்பவரைக் கேட்டாலும் சொல்வார், தெரு நேராக வந்து முட்டும் வீட்டை வாங்காதே என்று. அப்படிப்பட்ட வீடுகளின் மதிலில் பிள்ளையாரைப் பதித்திருப்பதை நானே பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் பார்த்திருக்கிறேன். கும்பிட்டும் இருக்கிறேன். ஐந்து வருடம் படித்ததில் அது எப்படியோ என் மண்டையிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. நேர்க்கோடு அழகு, நேர்க்கோடு கம்பீரம் என்று சொல்லிச் சொல்லி, நேர்க்கோடு யார் வீட்டில் போய் முட்டுகிறது என்று பார்க்கவே மறந்துவிட்டேன். நைனா கூட்டத்தை ஒத்திவைத்தார். போகும்போது ஷிப்ட் ஆட்களில் ஒருவர் என்னிடம், "ஒரு ஆள் பூர்ற மாரி சின்னதா ஒரு சந்து கேட்ருந்தா குடுத்துருப்பாங்க. நீ ராஜபாட்டை கேட்டியே," என்று வருத்தப்பட்டார்.

மறுநாள் படத்தைப் பார்த்த தோழி, ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். தெருக்குத்துக்காக இல்லை. முகாம் பக்கம் அந்தத் திறப்பு எங்கே விழுகிறது என்று காட்டினாள். பெண்கள் குளிக்கும் குழாயடிக்கு நேர் எதிரே. "எல்லாரும் எல்லாரையும் பாக்கலாம்," என்று என் கோட்பாட்டை எனக்கே சொல்லிக்காட்டினாள். நான் கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அன்று மாலை நேராக அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். என் படத்தை அவருக்குக் காட்டும் துணிச்சல் எனக்கு இல்லை, இவள்தான் காட்டினாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு எப்படியோ அவர் ஊர் வேலிகளுக்குப் போனது. அங்கே வீட்டுக்கு வீடு வேலி. பனையோலையில் அடைப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டோடு நல்ல உறவென்றால் வேலியின் ஒரு மூலையில், அடுக்களைக்குப் பின்னால், குனிந்து நுழைகிற அளவு ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். பொட்டு என்பார்களாம். உப்பு, புளி, கதை எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். சண்டை வந்தால் முதலில் பொட்டை அடைப்பார்கள். இவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பலாப்பழத்தில் சண்டை வந்து, அந்த வீட்டார் பொட்டை அடைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஷெல்லடி தொடங்கியது. பதுங்குகுழி இருந்தது அந்த வீட்டில்தான்.

"பிறகென்ன, வேலியைப் பிய்ச்சுக்கொண்டு அவையின்ர பங்கருக்குள்ளதான் ஓடினனாங்கள்," என்றார். "உள்ளுக்கும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கேல்லை. ஷெல்லடி முடிஞ்சு வெளியில வந்த உடன, அந்த மனுசன் போய் வேலியைத் திருப்பி அடைச்சுப் போட்டுது."

தேத்தண்ணி எனக்குப் புரையேறியது. போரே நடக்கும்போது பலாப்பழச் சண்டையை அப்படியே பத்திரமாக வைத்திருந்தவர்களை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அப்புறம் எப்படித்தான் திறந்தது என்று கேட்டேன்.

"அவையள் அடைச்சவை. அவையள்தான் வந்தவை. ஒடியல் கூழ் கொண்டு வந்தவை."

பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழாம் அது. தோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் கேட்டது கதையின் பாதிதான். மூலையில், குனிந்து, மறைவாக. அதைத்தான் பிடித்துக்கொண்டோம். மறுநாள் ரயிலில் வேர்க்கடலைப் பொட்டலத்துத் தாளில் ஒரே பேனாவைப் பிடுங்கிப் பிடுங்கி வரைந்தோம். சுவரின் நடுவில் வேண்டாம், மூலைக்குப் போவோம் என்றாள் அவள். நேராக வேண்டாம் என்றேன் நான், வாழ்க்கையில் முதல் தடவையாக. திறப்புக்கு முன்னால் ஆள் உயரத்தில் இன்னொரு துண்டுச் சுவர் வைத்தால்? உள்ளே நுழைந்ததும் ஒரு திரும்பல், இரண்டு எட்டு நடந்ததும் இன்னொரு திரும்பல், வெளியே. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பார்வை போகாது. குழாயடிக்கும் மறைவு, கடைசி வீட்டுக்கும் குத்து இல்லை. இடுப்பில் சட்டி வைத்த பெண்கள் இருவர் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போக இடம் வேண்டும் என்றாள். பைக் நுழையக் கூடாது என்றேன், இல்லாவிட்டால் எங்கள் சங்கம் ஒத்துக்கொள்ளாது. எண்ணூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. புங்கமரம் மட்டும் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அவள் விட்டுக்கொடுத்தாள்.

இந்த முறை டீவி இல்லை, அம்புக்குறி இல்லை. நைனாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு தாளைக் காட்டினேன். கடைசி வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். வழி இரண்டு தடவை முறிகிறது, முறிந்த வழி குத்தாது என்று அவரே தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று தன் வீட்டுக் கேட்டில், பல்லை இளித்துக்கொண்டிருக்கும் திருஷ்டி பொம்மை ஒன்றை மாட்டிவிட்டார். முகாமின் பொறுப்பு அதிகாரி, சுவர் உங்களுடையது, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்பினார். கொத்தனார் கண்ணாடிச் சில்லை உடைத்தார், கல்லைப் பெயர்த்தார். பெயர்த்த கல்லிலேயே துண்டுச் சுவரை எழுப்பினார். பூச்சு காய்ந்ததும் நைனா தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதல் திரும்பலில் முன்சக்கரம் இடித்தது. பின்னால் இழுத்து, சாய்த்து, மறுபடி நுழைத்துப் பார்த்தார். முடியவில்லை. என் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

வழி திறந்தது. சின்னப் பிள்ளைகள் முதல் நாளே உள்ளே புகுந்து, வெளியே வந்து, கண்ணாமூச்சி ஆடினார்கள். பெரியவர்கள் யாரும் வரவில்லை. எங்கள் பக்கத்து ஷிப்ட் ஆட்கள் விடியற்காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தோழியின் அம்மா திங்கட்கிழமை பேக்கிங் வேலைக்குப் போவதாகவும், அதற்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிவிட்டதாகவும் தோழி போனில் சொன்னாள். வழி திறந்தாச்சே, ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று நான் படபடத்தேன். அவள் அம்மாவிடமே போனைக் கொடுத்துவிட்டாள்.

"ஆர் பிள்ளை அடைச்சது?" என்று கேட்டார் அவர். "நானோ அடைச்சனான்?"

அடைத்தவர்களேதான் வந்தார்கள் என்ற கதையின் இன்னொரு பாதி அப்போதுதான் எனக்குக் கேட்டது.

நைனாவிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கியது. ஒன்றுக்கு இரண்டு கூட்டம் போட்டு, கல்லைப் பெயர்த்து, வழி விட்டு, இனி வெற்றிலை பாக்கு வேறு வைக்க வேண்டுமா என்று கேட்டார். அன்றைக்கு அப்படிப் பேசியது யாரோ, போவது நானா என்றார். அதற்கு மேல் அவரோடு பேச முடியாது. பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கட்டிய முதல் சுவர், இரண்டு திரும்பலோடு, யாரும் நடக்காமல் நிற்கப் போகிறது என்பதற்காக இல்லை. அது கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் புது ஷூவை நினைத்தால்தான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நைனா குளித்து, விபூதி பூசி, சாப்பிட உட்கார்ந்தார். தட்டு வரவில்லை. அம்மா அடுக்களையில் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"மாவு ஆட்டல," என்றார்.

"அப்ப உப்புமா கிண்டேன்."

"ரவையும் இல்ல. இந்தா தூக்கு. அந்தாண்ட போய் புட்டு வாங்கினு வா. எனுக்கும் சேத்து."

எங்கள் வீட்டில் மாவு இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. நைனா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் உண்மையாகவே கையை விரித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன்.

மூலைக்கு வந்தவர் உள்ளே நுழைந்தார். முதல் திரும்பல். அதன் பிறகு எனக்கு அவர் தெரியவில்லை. நான் சத்தமில்லாமல் நெருங்கி எட்டிப் பார்த்தேன். இரண்டு சுவருக்கும் நடுவில் நைனா நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கத்துக்கும் அவர் தெரியமாட்டார், அந்தப் பக்கத்துக்கும் தெரியமாட்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். கழற்றினார். தூக்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். உதடு அசைந்தது, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறார். என் அட்டை நகரத்தில் இப்படி ஓர் ஆள் நிற்க ஓரிடம்கூட இல்லை. அங்கே படி இறங்கத் தொடங்கினால் ஊரே பார்க்கும், பாதியில் நின்றால் பயந்துவிட்டான் என்பார்கள், திரும்பினால் மறுபடி சண்டை. இங்கே ஒருவர் நின்று, யோசித்து, தைரியத்தைத் திரட்டிக்கொள்ளலாம். இதை நாங்கள் வரையவில்லை. பைக்குக்காகவும் தெருக்குத்துக்காகவும் குழாயடிக்காகவும் வரைந்தோம். அது பாட்டுக்கு இதையும் செய்துகொண்டிருந்தது. நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் பார்த்திருந்தால் திரும்பியிருப்பார்.

பிறகு அவர் அந்தப் பக்கம் போனார். நான் அவர் நின்ற இடத்தில் போய் நின்று கேட்டேன்.

தோழியின் அம்மா வீடு மூலையிலிருந்து இரண்டாவது. வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார் போல, துருவும் சத்தம் நின்றது.

"என்ன அண்ணை, வழி மாறி வந்திட்டியளோ?"

"இல்லமா. புட்டு கீதான்னு..."

"புட்டு நிப்பாட்டிப் போட்டன். நாளைக்கு வேலைக்குப் போறன்."

சாலையில் ஒரு டிரெய்லர் போனது. நைனா ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு அந்தப் பேச்சு பேசுனான் பாரு, அவன் எங்காளுதான். நான் பக்கத்துலயே நின்னுகினு கம்முனு இருந்தேன்," என்றார். "சுவரு வெக்க கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

"ஓம்," என்றார் அவர். "கண்டனான்."

அந்த ஒரு சொல் விழுந்ததும் நான் சுவரில் ஒட்டிக்கொண்டேன். பூச்சு முதுகில் சில்லென்றிருந்தது.

"தூக்கை இஞ்ச தாங்கோ. இருங்கோ, மா நனைக்கவேணும். அவசரமெண்டா பிறகு வாங்கோ."

அவசரமில்லை என்றார் நைனா. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவர் உட்காரும் சத்தம் கேட்டது. தேத்தண்ணி வந்தது. சீனி போதுமா என்ற கேள்வி வந்தது. முழங்கால் பற்றிப் பேச்சு வந்தது. ஆலையில் தனக்கும் அதே முழங்கால் போன கதையை நைனா ஆரம்பித்தார். அது நீளமான கதை. புட்டு அவிவதற்குள் அவர் அதை முடிக்கவில்லை. நடுவில் அவர், முதல் ஷிப்ட் பசங்க தினம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொன்னார். எத்தனை பேர் என்று தோழியின் அம்மா கேட்டார். நைனாவுக்குத் தெரியவில்லை. செயலாளராக இருந்துகொண்டு அதுகூடத் தெரியாதோ என்று அவர் கேட்க, நைனா சிரித்தார். கேட்டு வந்து சொல்கிறேன் என்றார்.

அன்று மத்தியானம் நைனா வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசி வீட்டுக்காரர் தனக்கு இடியப்பம் மட்டும் போதும், புட்டு ஆகாது என்றார். அந்தத் தகவலும் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை விடியும்போது நானும் தோழியும் மூலைக்குப் போனோம். அவள் கையில் செருப்புக்கடைப் பை. திருப்பிக் கொடுக்கவாம், பில் பத்திரமாக இருக்கிறதாம். சட்டி எங்கள் பக்கம் வந்திருந்தது, ஷிப்ட் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், வரிசை வளைந்து வளைந்து சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏனென்றால் முகாம் பக்கமிருந்தும் வேலைக்குப் போகிறவர்கள் அதே வழியில் வந்து அதே பஸ்ஸுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். வாலிபால் ஆடிய இரண்டு பக்கத்துப் பையன்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரோடும் பெரிதாகப் பேசவில்லை. சம்பல் கேட்டார்கள், தள்ளி நில்லு என்றார்கள். பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

தோழியின் அம்மா குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கரண்டியால் துண்டுச் சுவரைக் காட்டினார்.

"எடி பிள்ளை, உந்தச் சுவரைக் கட்டேக்க ஒரு தட்டு வைச்சுக் கட்டியிருக்க ஏலாதோ? சட்டியை நிலத்தில வைச்சுக் குனிய எனக்கு முழங்கால் விடுதில்லை."

வைக்கலாம் ஆன்ட்டி, இன்றைக்கே வரைகிறேன் என்றேன். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் வாடிக்கையாளர்! கடப்பைக் கல் பலகை போடலாம், சுவரிலிருந்து வெளியே நீட்டலாம் என்று அங்கேயே ஆரம்பித்தேன். ரயிலில் ஏறி உட்காரும் முன்பே தோழிக்கும் எனக்கும் தகராறு. அவள் அம்மா உயரத்துக்கு வைக்க வேண்டும் என்றாள் அவள். வாங்குகிறவர்கள் உயரமும் பார்க்க வேண்டும் என்றேன் நான். கவரைப்பேட்டை தாண்டும்போது பேனா அவள் கையில் இருந்தது. பொன்னேரியில் நான் பிடுங்கிவிட்டேன்.